பாப்பாவின் சூடு

சலவைக் கடைக்குத் துணி கொடுக்க வந்த பெண், பாவாடையையும் சட்டையையும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போகாமல், பெரியவளின் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முழங்கைக்குக் கீழே உள்பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்த தழும்பு. வந்தவள் கையிலும் அதே இடத்தில் அதே மாதிரி ஒன்று இருந்தது. ஆனால் அது பழுப்பு மையில் வரைந்தது. வேர்வையில் ஓரம் கொஞ்சம் கசிந்திருந்தது.

"உங்களுது அப்படியே நிஜம் மாதிரி இருக்குக்கா," என்றாள் அந்தப் பெண். "எங்க வரைஞ்சீங்க?"

"வீட்டுலதான்."

"யாரு வரைஞ்சாங்க?"

"எங்கப்பா."

அந்தப் பெண் கடைக்குள் எட்டிப் பார்த்தாள். மின்விசிறிக்கு நேராகச் சக்கர நாற்காலியில், தோளில் துண்டோடு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். இந்த வயதிலும் மகளுக்கு வரைந்து கொடுக்கிறாரே, இப்படி ஒரு அப்பா கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று மனதாரச் சொல்லிவிட்டு, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகக் கிளம்பிப் போனாள். பக்கத்து ஊர்க்காரியாக இருக்கவேண்டும். அந்தத் தெருக்காரியாக இருந்தால் கிழவரைப் பார்த்து அந்த வார்த்தை சொல்லியிருக்கமாட்டாள்.

பெரியவள் சட்டையை எடுத்து உதறினாள். உதறிய வேகத்தில் ஒரு பொத்தான் தெறித்து எங்கோ போய் விழுந்தது. இருக்கிற வேலை போதாதென்று அதைக் குனிந்து தேடுகிற வேலையும் வந்து சேர்ந்தது.

சங்கதி இதுதான். பெரியவளின் தங்கை பாடகி. வெளியே அவளுக்கு ஒரு பெரிய பேர் இருக்கிறது, போஸ்டரில் ஆள் உயரத்துக்கு எழுதுவார்கள். வீட்டில் அவள் பாப்பா. முன் நெற்றியில் நரை எட்டிப் பார்த்து, அதற்குச் சாயம் பூசிக்கொள்கிற வயதிலும் பாப்பாதான். அவள் புதிதாக ஒரு ஆல்பம் போட்டிருந்தாள். அதற்குப் பேர் 'சூடு'. அந்த ஆல்பத்துக்காக ஊர் ஊராகப் போய்ப் பாடிக்கொண்டிருந்தாள். போகிற ஊரிலெல்லாம் கூட்டம் அலைமோதியது. கூட்டத்தில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள், அத்தனை பேர் கையிலும் இஸ்திரிப் பெட்டியின் முனை வரைந்திருந்தது. அந்தச் சுற்றில் இந்த ஊரும் இருந்தது.

தலைப்புப் பாட்டைப் பாடுவதற்கு முன்னால் பாப்பா மேடையில் ஒரு கதை சொல்வாள். சின்ன வயதில் அப்பாவின் சலவைக் கடையில் பாட்டுப் பாடிக்கொண்டே இருந்துவிட்டாளாம். பெட்டிக்கு அடியில் வாடிக்கைக்காரரின் சட்டை கருகிப்போய்விட்டதாம். அப்பா வந்து பார்த்துவிட்டு, பாடின வாய்க்குப் பரிசு இதுதான் என்று அதே பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டாராம். நீளக் கைச் சட்டைக்குள் இருக்கும் வலது கையைத் தூக்கிக் காட்டுவாள். 'ஆறலையே, ஆறலையே' என்று கூட்டமே அழுதுகொண்டு பாடும். சட்டைக் கையை மட்டும் மடித்துக் காட்டமாட்டாள். எப்படிக் காட்டுவாள்? அங்கே ஒன்றும் இல்லை.

சட்டையைக் கருக்கியது பாப்பா. அது மெய். பெரியவள் மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போயிருந்தாள். பெட்டியைப் பார்த்துக்கொள் என்று தங்கையிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். பாப்பா ரேடியோவைத் திருகிவிட்டு, ஒரு ஹேங்கரை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். கல்யாண மாப்பிள்ளை ஒருவரின் பட்டுச் சட்டை. புகை நாற்றம் கண்டு பெரியவள் ஓடிவந்தபோது அப்பாவும் தெருவிலிருந்து உள்ளே வந்தார். பாப்பா மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். யார் வேலை இது என்று அப்பா கேட்டார். பெரியவள் தங்கையைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நான்தான்" என்றாள்.

அவ்வளவுதான். மேற்கொண்டு அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்து மேஜைமேல் வைத்து, சட்டைக்கு இஸ்திரி போடுகிற மாதிரி நிதானமாகப் பெட்டியை வைத்தார். கோபத்தில் வீசியிருந்தால்கூடப் பிற்பாடு ஒரு மாதிரி மன்னித்திருக்கலாம். அவர் நிதானமாகச் செய்தார்.

அந்த வருஷம் அவளால் பரீட்சை எழுத முடியவில்லை. பிறகு எழுதவே இல்லை. அம்மா ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தாள். கை ஆறியதும் பெரியவள் அப்பாவிடம் ஒரு பேரம் பேசினாள். கடையை நான் பார்த்துக்கொள்கிறேன், பாப்பாவைப் பாட்டு கிளாசுக்கு அனுப்புங்கள் என்றாள். அப்பா அனுப்பினார். பாப்பா பாடப் போனாள், போனவள் போய்க்கொண்டே இருந்தாள்.

ஊரில் அந்தத் தழும்பைப் பார்க்காதவர்கள் இல்லை. ஆனால் இஸ்திரி போடுகிறவள் கையில் சூடு பட்டிருப்பதை யார் அதிசயமாகப் பார்ப்பார்கள்? கொல்லன் கையில் கரி மாதிரி. கேட்டவர்களிடம் அவளும் தொழிலில் பட்டது என்றே சொல்லி வைத்திருந்தாள். அதனால் பாப்பாவின் பாட்டு வந்தபோது, எதிர் டீக்கடைக்காரர் ஒரு நாளும் இல்லாத திருநாளாகக் கண் கலங்கினார். நம் கண் முன்னால் வளர்ந்த பிள்ளை, இவ்வளவு கொடுமை பட்டிருக்கிறாள், நமக்கே தெரியாமல் போய்விட்டதே என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். சொல்லிக்கொண்டே பெரியவளின் அந்தக் கையில்தான் டீ கிளாசைக் கொடுத்தார். அந்த டீயை அவர் மூஞ்சியிலேயே ஊற்றியிருக்கலாம் என்று அவள் பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டாள்.

கடைக் கதவில் யாரோ சேறு வாரி அடித்துவிட்டுப் போனதும் அந்தச் சமயத்தில்தான். 'சூடு வைத்த கிழவன்' என்று கரியால் கிறுக்கியும் இருந்தார்கள். அதையும் பெரியவள்தான் வாளித் தண்ணீரோடு தேய்த்துக் கழுவினாள். தன் சூட்டுக்காகத் தன் அப்பாவைத் திட்டி எழுதினதை, தானே நின்று கழுவுகிற கொடுப்பினை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

*

கச்சேரிக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு தொப்பிக்காரன் கடைக்கு வந்தான். பாப்பாவின் கச்சேரிகளை நடத்திக்கொடுக்கிறவன். பழக்கூடை, சிரித்த முகம், இரண்டு போன்கள். அப்பாவின் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, ஊர் உங்களைத் தப்பாகப் பேசுகிறது ஐயா, அதை நாங்களே மாற்றிக்காட்டுகிறோம் என்று தேன் ஒழுகப் பேசினான். சொந்த ஊர்க் கச்சேரியில் அப்பாவை மேடையில் ஏற்றுவதாகத் திட்டம். பாப்பா பாட்டைப் பாடி முடித்ததும் அப்பா அவள் கையைப் பிடித்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். "மன்னிச்சுடு பாப்பா." பாப்பா அப்பாவைக் கட்டிக்கொள்வாள். விளக்கு அணையும்.

பக்கவாதம் வந்ததிலிருந்து கிழவருக்கு வலது பக்கம் வராது, பேச்சும் குழறும். பசித்தால் ஒரு சத்தம், மூத்திரம் வந்தால் ஒரு சத்தம், அவ்வளவுதான் அவர் பேச்சு. அந்தச் சத்தங்களுக்கெல்லாம் அர்த்தம் தெரிந்தவள் உலகத்திலேயே பெரியவள் ஒருத்திதான். தொப்பிக்காரன் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

தொப்பிக்காரன் போகும்போது பெரியவளிடம் ஒரு உதவி கேட்டான். நீங்கள் வேலையாள்தானே, ஐயாவைத் தினமும் ஒரு பத்துத் தடவை அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழக்குங்கள் என்றான்.

"நான் மூத்த பொண்ணு," என்றாள் பெரியவள்.

பாப்பாவுக்கு அக்கா இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. ஒரு கணம் விழித்தான். பிறகு, அப்படியென்றால் இன்னும் சௌகரியமாகப் போயிற்று என்றான்.

அன்றைக்கு மத்தியானம் அவள் புருஷனிடம் சண்டைக்கு நின்றாள். அவருக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற வேலை. தெருவில் எந்தச் சண்டை என்றாலும் நடுவில் போய் நின்று, ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு என்பார். அதனால் அவருக்குச் சமாதானம் என்றே பேராகிவிட்டது. பெண்டாட்டியிடமும் அதையே சொன்னார். மாமாவுக்கு மூளையில் அடைப்பு, என்ன தெரியப்போகிறது, வயதான காலத்தில் ஒரு ஆசை, அந்தப் பிள்ளையும் அப்பாவைத் தேடித்தானே வருகிறாள், விட்டுக்கொடுத்துப் போனால் என்ன என்றார்.

"எதை விட்டுக்குடுக்கணும்?" என்றாள் அவள். "படிப்பை விட்டேன். கடைக்குள்ளயே கிடந்தேன். இவருக்கு வாதம் வந்ததும் பீ மூத்திரம் அள்ளிட்டு இருக்கேன். என்னோடதுன்னு மிச்சம் இருந்தது இந்தத் தழும்பு ஒண்ணுதாங்க. அதையும் அவ எடுத்துக்கிட்டா. இப்ப மன்னிப்பையும் அவளே வாங்கிக்கப் போறா. நான் எதை விட்டுக்குடுக்கணும், நீங்களே சொல்லுங்க."

சமாதானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அவள் ஒன்றும் பெரிதாக எதிர்பார்த்ததில்லை. அப்பா காலில் விழவேண்டும் என்று அவள் எந்த நாளும் நினைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவை, அந்தக் கையைப் பார்த்து, வலிச்சுதா என்று கேட்டிருந்தால் போதும். குளிப்பாட்டும்போது அந்தக் கைதான் அவர் முதுகைத் தேய்க்கிறது. ஊட்டும்போது அந்தக் கைதான் அவர் வாய்க்கு நேரே வருகிறது. அந்த ஒரு வார்த்தை அவர் நாக்கில் வந்ததே இல்லை. வாதம் வந்த பிறகு இனிமேல் வரவும் வராது என்று அவளும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

இப்போது வந்தது. தொப்பிக்காரன் விதைத்துவிட்டுப் போன வார்த்தை கிழவர் வாயில் நாளுக்கு நாள் தேறிக்கொண்டு வந்தது. முதல் நாள் வெறும் மகரமும் எச்சிலுமாக இருந்தது. அப்புறம் "மன்னி" வரைக்கும் வந்தது. அவள் பெட்டியால் சட்டைக் காலரை நீவும்போது பின்னாலிருந்து கேட்கும். கழுத்துப் பட்டை, மணிக்கட்டு, கை, முதுகு என்று ஒவ்வொன்றாக அவள் நீவிக்கொண்டு போக, பின்னால் அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தார். பசிக்கிறது என்று சொல்லத் தெரியாத மனுஷன் மன்னிச்சுடு பாப்பா என்று முழுசாகச் சொன்ன அன்றைக்கு, தானே இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

அப்போது பெரியவள் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தை மடியில் வைத்தாள்.

"அப்பா, நீங்க யாருக்குச் சூடு வெச்சீங்க?"

"பாப்பா," என்றார் அவர். குழறாமல் வந்தது.

"எதுக்கு வெச்சீங்க?"

அவர் கண் கலங்கியது. உதடு கோணியது. சட்டை என்று சொல்ல முயன்றார். அவர் நடிக்கவில்லை, அழுதார். செய்யாத ஒன்றுக்காக, அதைச் செய்ததாகவே நம்பி, மனது உருகி அழுதார்.

அவள் வலது கையை அவர் கண்ணுக்கு முன்னால் நீட்டினாள். இதோ பாருங்கள் என்றாள். வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினாள். அவர் இடது கை விரலை நீட்டி அந்தத் தழும்பைத் தொட்டார். மேட்டையும் பள்ளத்தையும் தடவிப் பார்த்தார். இந்த வயதிலும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதை எண்ணி அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது.

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு வாரமாகக் கடைக்கு வந்துபோன பெண் பிள்ளைகளின் கையையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கண்.

"நீயும்... வரைஞ்சுக்கிட்டியா?" என்று குழறினார். அவளுக்கு மட்டும்தான் அது புரியும்.

கிண்ணம் மடியிலிருந்து சரிந்து கஞ்சி தரையெல்லாம் கொட்டியது. அவள் எடுக்கவில்லை. இந்த நிமிஷமே இவர் செத்தால் தேவலை என்று அவள் நினைத்தாள். பெற்ற அப்பாவை அப்படி நினைக்கலாமா என்று கேட்பவர்கள், அவள் இடத்தில் ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டுக் கேட்கட்டும். மறதியா, நடிப்பா என்றுகூட அவளுக்குச் சந்தேகம் வந்தது. எவன் எந்தக் காலத்தில் ஹேங்கரைத் திருப்பித் தராமல் போனான் என்று வாதம் வருகிற நாள் வரைக்கும் ஞாபகமாகச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன். இது ஒன்று மட்டும் அழிந்துபோகுமா? ஆனால் அழிந்துதான் போயிருந்தது. அழிந்த இடத்தில் பாப்பாவின் பாட்டு போய் உட்கார்ந்துகொண்டது.

*

கச்சேரி அன்றைக்குக் காலையில் தொப்பிக்காரன் ஒரு உடுப்பை அனுப்பினான். பாப்பா மேடையில் உடுத்துகிற வெள்ளை கவுன். அப்பா கடையிலேயே இஸ்திரி போட்டால் படம் பிடிக்க அழகாக இருக்கும் என்று சொல்லியனுப்பியிருந்தான். உறையைப் பிரித்ததும் பெரியவளுக்குப் பகீரென்றது. வெள்ளைத் துணி முழுக்க இஸ்திரிப் பெட்டி வைத்துக் கருகின தடம். தொழில்காரிக்கு அதைவிடக் கெட்ட கனவு கிடையாது. எச்சிலைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்த பிறகுதான் அது அச்சு என்று தெரிந்தது. கவுனின் வலது கைப் பகுதியில் ஒன்று பெரிதாக, நல்ல இடம் பார்த்து அடித்திருந்தார்கள்.

அதற்கு நீராவி காட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் போட்டுக் கொடுத்தாள். வேண்டுமென்றே நிஜமாக ஒன்று வைத்துவிடலாமா என்று கை துடித்தது. ஆனால் வந்த துணியைக் கெடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. மேலும், அத்தனை தடத்துக்கு நடுவில் நிஜமான ஒன்றை யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்?

வெயில் சாய்கிற நேரத்துக்கு வேன் வந்தது. அதற்குள் தெரு நிறைந்துவிட்டது. பெண் பிள்ளைகள் வரைந்த கையைத் தூக்கிக்கொண்டு பல்லவியைப் பாடினார்கள். பாப்பா இறங்கி, டீக்கடைக்காரரைக் கும்பிட்டு, கடைக்குள் வந்து, கவுனை மாற்றிக்கொள்வதாகச் சொல்லி அக்காவோடு பின்னறைக்குப் போனாள். அங்கே வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பேசுவது வெளியே கேட்காது.

"கோவமா இருக்கியாக்கா?" என்றாள் பாப்பா.

பெரியவள் கவுனின் பின்பக்க ஜிப்பை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் பொய் சொல்லலை. மேஜைக்கு அடியில நான் இருந்தேன்கா. அந்த நாத்தம் இன்னும் என் மூக்குல இருக்கு. உனக்குக் கையில ஆறிடுச்சு. எனக்கு உள்ள ஆறவே இல்ல."

"எனக்கு ஆறிடுச்சுன்னு உனக்கு யாரு சொன்னது?"

"நீ எப்பவாவது வாயைத் திறந்திருக்கியா? நீ திறந்திருந்தா நான் ஏன் பாடுறேன்?"

"பாடு. வேணாம்னு சொல்லலையே. மேஜைக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டுப் பார்த்தேன்னு பாடு. எங்கக்கா கை கருகிச்சு, நான் மூச்சுக் காட்டாம இருந்தேன்னு பாடு."

பாப்பா கண்ணாடியில் உதட்டுச் சாயத்தைச் சரி பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. அந்த நேரத்தில் அவள் மெய்யைத்தான் சொன்னாள்.

"அது பாட்டுல நிக்காதுக்கா. பார்த்தேன்னு பாடினா எவன் அழுவான்?"

மெஷின் துணியைச் சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது. பெரியவள் ஜிப்பின் கொக்கியை மாட்டினாள்.

"அன்னிக்கு நீ கருக்காத சட்டைக்கு நான்தான்னு சொன்ன," என்றாள் பாப்பா, கொஞ்சம் குரல் இறங்கி. "அதுவும் பொய்தானே. இன்னிக்கு நான் நான்தான்னு சொல்றேன். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"நான் சொன்னது அடி வாங்க. நீ சொல்றது கைத்தட்டு வாங்க."

பாப்பா அழத் தொடங்கினாள். மை கலையாமல் அழுகிற பழக்கம் வந்துவிட்டிருந்தது, விரலால் கண்ணின் கீழ் இமையை ஒற்றி ஒற்றி எடுத்தாள். அப்பா மன்னிப்புக் கேட்டால் அது உனக்கும் சேர்த்துத்தானே அக்கா என்றாள். பெரியவள் தங்கையின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த முதுகை எத்தனை தடவை குளிப்பாட்டியிருக்கிறாள். கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அந்த நேரத்தில் வேறொன்றாக இறுகிவிட்டது. இனி இவளிடம் பேசிப் பயனில்லை.

"சரி," என்றாள். "அப்பாவை ரெடி பண்றேன்."

கிழவருக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட். டயப்பர் வேண்டாம், கேமராவில் புடைத்துத் தெரியும் என்று தொப்பிக்காரன் முன்னமே சொல்லியிருந்தான். அவள் சரியென்று அதைக் கழற்றிவிட்டாள். ஆனால் ஒரு பெரிய பையை எடுத்து, மிச்சமிருந்த டயப்பர் கட்டுகள், மூத்திரப் பாத்திரம், மாத்திரைகள், ரப்பர் விரிப்பு, ஊட்டுகிற கரண்டி, மாற்று உடுப்புகள், முதுகுப் புண்ணுக்குப் போடுகிற களிம்பு என்று ஒவ்வொன்றாக அடுக்கினாள். சமாதானம் வந்து, ஒரு மணி நேரக் கச்சேரிக்கு எதற்கு இத்தனை என்று கேட்டார். நாற்காலியைத் தள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

தெருவில் கிழவரைக் கண்டதும் கூட்டம் அடங்கியது. அன்றைக்குச் சேறு அடித்த அதே தெரு. பாப்பா குனிந்து அவர் நெற்றியில் முத்தமிட்டாள். கேமராக்கள் நெருங்கின. பெரியவள் பையைக் கொண்டுவந்து பாப்பாவின் தோளில் மாட்டினாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். அவள் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை.

"எல்லாரும் கேளுங்க," என்றாள். "பாப்பா அப்பாவை மன்னிச்சுட்டா. இனிமே அப்பா இங்க இருக்கமாட்டார். அவகூடவேதான் இருப்பார். அவளே வெச்சுப் பார்த்துக்கப் போறா."

தெரு இடிந்து விழுகிற மாதிரி கை தட்டல். பெண் பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். டீக்கடைக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சூடு வைத்த அப்பனை வைத்துக் காப்பாற்றுகிறவள், இவளல்லவா மகள் என்று யாரோ உரக்கச் சொன்னார்கள். தொப்பிக்காரன் இது திட்டத்திலேயே இல்லையே என்று திகைத்து, அடுத்த கணமே இதைவிட என்ன வேண்டும் என்று சிரித்து, எல்லாக் கேமராவையும் பாப்பாவின் முகத்துக்குத் திருப்பினான்.

பாப்பா சிரித்தபடியே, உதடு அசையாமல், "இன்னும் நாலு ஊர் பாக்கி இருக்குக்கா," என்றாள்.

"நல்லதாப் போச்சு. ஊர் ஊரா மன்னிப்புக் கேப்பார். விடியறதுக்குள்ள ரெண்டு தடவை புரட்டிப் படுக்க வை, இல்லேன்னா புண்ணு பெரிசாயிடும். கஞ்சியைக் கட்டியில்லாமக் கரைச்சு ஊட்டு."

"அக்கா, விளையாடாதே. என்னால முடியாதுக்கா."

"ஆறலைன்னு பாடுறியே. அந்தக் கைதாண்டி இவ்வளவு நாளாக் கழுவிவிட்டுச்சு. அந்தக் கை உன்னோடதுன்னா, கழுவுறதும் நீதான்."

நாற்காலியோடு தூக்கி வேனில் வைத்தார்கள். பாப்பா ஏறி அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள், வேறு வழியில்லை, கதவு திறந்திருந்தது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கிழவர் தொண்டையில் ஒரு சத்தம் எழுப்பினார். பாப்பா அதைப் பாசம் என்று நினைத்து அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் தெரிந்தவள் வாசலில் நின்றாள். அவள் கால் ஒரு அடி முன்னால் போயும் விட்டது. அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

வெள்ளை பேண்ட் நனைந்தது. ஒட்டி உட்கார்ந்திருந்த பாப்பாவின் கவுனும் நனைந்து, ஈரம் மடிப்பு மடிப்பாகக் கீழே இறங்கியது. பாப்பா துள்ளி எழப் பார்த்தாள். கேமரா இருப்பது ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்தாள். கிழவர் நடந்ததைப் பார்த்தார். வெட்கத்தில் முகம் சிறுத்துப்போய், தனக்கு முழுசாக வருகிற ஒரே வாக்கியத்தைத் தெளிவாக, குழறாமல் சொன்னார்.

"மன்னிச்சுடு பாப்பா."

கதவைச் சாத்தினார்கள். வேன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஊர்ந்து, தெருமுனை திரும்பிப் போய்விட்டது. பெண் பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். தெரு காலியானது.

பெரியவள் உள்ளே வந்து மெஷினை நிறுத்தினாள். கட்டிலில் கிடந்த விரிப்பைச் சுருட்டி ஊறப் போட்டாள். இந்த வேளைக்கு அவருக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டியிருக்கும், அடுப்படி வரை போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தாள். செய்தது தப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை, நிம்மதியும் வரவில்லை, கோபம் மட்டும் போட்ட இடத்திலேயே இருந்தது.

சமாதானம் கதவோரம் வந்து நின்றார்.

"மாமாவை எப்பக் கொண்டாந்து விடுவாளாம்?" என்றார்.

"பாப்பாவோட அப்பா," என்றாள் அவள். "நமக்கென்ன தெரியும்?"